ஆபீஸுக்கு சஸ்டெயினபிலிட்டி சர்வீஸ் எடுத்து ஒரு வருஷம் ஆச்சு, எது உருப்படியா நடந்துச்சு எது நடக்கலை - நீளமான ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், எங்களோடது எழுபது பேர் வேலை பாக்கற ஒரே ஃப்ளோர் ஆபீஸ். நான் அங்க அட்மின். கரண்ட் பில்லு, ஏ.சி சர்வீஸ், ஸ்டேஷனரி, குப்பை, எல்லாமே என் டேபிளுக்குத்தான் வரும். போன வருஷம் ஒரு பெரிய கஸ்டமர் டெண்டர் ஃபார்ம்ல "உங்க கார்பன் கணக்கு என்ன, கழிவை எப்படி கையாளறீங்க"ன்னு ரெண்டு பக்கம் கேள்வி வச்சிருந்தாங்க, கார்பன் கணக்குன்னா நம்ம ஆபீஸால பூமியைச் சூடாக்கற வாயு எவ்வளவு காத்துல போகுதுங்கற கணக்கு, எங்ககிட்ட எழுதறதுக்கு ஒரு வரி பதில்கூட இல்லை. அதுக்கப்புறம்தான் இந்த சர்வீஸைத் தேடி எடுத்தோம். கரண்ட், கழிவு, கார்பன் எல்லாத்தையும் ஆடிட் பண்ணி, அதைக் குறைக்கத் திட்டம் போட்டுக் கொடுத்து, ஒரு வருஷம் கூடவே இருந்து நடத்தித் தர்றதுன்னு பேக்கேஜ். பேரை இங்க போடப் போறதில்லை, ஏன்னா இந்த மாதிரி சர்வீஸ் தர்றவங்க கிட்டத்தட்ட ஒரே பேக்கேஜைத்தான் வேற வேற பேர்ல தர்றாங்க, எடுக்கறதுக்கு முன்னாடி எதைக் கேக்கணும் எதை வேண்டாம்னு சொல்லணும்னு தெரிஞ்சா அதுதான் உங்களுக்குப் பிரயோஜனம்.

என் மார்க் கேட்டீங்கன்னா, அளந்து பாக்கற வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஆளுங்களோட பேசற விஷயத்துல ரெண்டுதான் தருவேன், அதுவும் கடைசி ஆறு மாசத்துக்காக.

நல்லதை முதல்ல சொல்றேன். முதல் வாரம் எல்லாரும் போஸ்டர், பேட்ஜ், உறுதிமொழின்னு எதிர்பார்த்துட்டிருந்தோம். அவங்க கேட்டது பன்னெண்டு மாச கரண்ட் பில்லும் ஒரு ராத்திரிக்கு ஆபீஸ் சாவியும்தான். ஒன்பதரை மணிக்கு எல்லாரும் கிளம்பினப்புறம் அவங்க டீம்ல ரெண்டு பேர், நான், செக்யூரிட்டி அண்ணா, நாலு பேரும் இருட்டுல நின்னோம். லைட் எல்லாம் ஆஃப், ஆனா சும்மா நின்னு கேட்டா ஒரு இரைச்சல் காதுல விழுந்துட்டே இருந்துச்சு, பகல்ல அது யாருக்குமே கேக்காது. ஆபீஸ் பூராவுக்கும் கரண்ட் பிரிஞ்சு போற டி.பி பாக்ஸைத் திறந்து ஒவ்வொரு வயர்லயும் கரண்ட் அளக்கற கிளாம்ப் மீட்டரை மாட்டி அவங்கள்ல ஒரு பையன் நம்பரைச் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதிட்டே வந்தார். எந்த எம்.சி.பி, அதாவது எந்த லைனோட சுவிட்ச், எதுக்குன்னு லேபிள் ஒண்ணுகூட படிக்கிற மாதிரி இல்லை, என்னிக்கோ பேனால எழுதினது மொத்தமா மங்கிப்போச்சு, சர்வர் லைனை மட்டும் விட்டுட்டு மத்ததை ஒண்ணொண்ணா இறக்கி எங்க என்ன அணையுதுன்னு நான் ஓடி ஓடிப் பாத்துட்டு வந்ததுலயே ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு.

வந்த கணக்கு என்னைத் தூங்க விடலை. பகல்ல எல்லாரும் உக்காந்து வேலை பாக்கறப்ப எவ்வளவு கரண்ட் இழுக்குதோ அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ராத்திரி ஆளே இல்லாதப்பவும் ஓடிட்டிருந்துச்சு. வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம், நாங்க ஆபீஸ்ல இருக்கறது 50 மணி நேரம், மிச்சம் 118 மணி நேரம் அந்த மூணுல ஒரு பங்கு ஓடுதுன்னா பில்லுல 40 பர்சன்ட்டுக்கு மேல காலி ஆபீஸுக்குக் கட்டிட்டிருந்தோம். வருஷக்கணக்கா நான்தான் அந்த பில்லுல கையெழுத்துப் போட்டிருக்கேன், ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்கு வரலை.

எது இழுக்குதுன்னு தேடினா முதல்ல மாட்டினது சுடுதண்ணி, குளிர்தண்ணி ரெண்டும் வர்ற டிஸ்பென்ஸர். ராத்திரி பூரா ஒரு டேங்க்ல தண்ணியைச் சூடாவே வச்சிருக்கும், பக்கத்து டேங்க்ல குளிர வச்சிருக்கும், குடிக்க யாருமே இருக்க மாட்டாங்க. அடுத்து சர்வர் ரூம் ஏ.சி, 18 டிகிரில வச்சிருந்தோம். சர்வருக்குள்ள போற காத்து 18-ல இருந்து 27 டிகிரி வரைக்கும் இருக்கலாம்னு ஆஷ்ரேங்கற ஏ.சி பொறியாளர்கள் அமைப்போட பரிந்துரையே இருக்கு, அதைக் காட்டி மெதுவா 24-க்கு ஏத்தினாங்க, எங்க ஐ.டி பையன் ஒரு வாரம் டெம்பரேச்சர் லாகை பயத்தோட பாத்துட்டே இருந்தான், ஒண்ணும் ஆகலை. அப்புறம் டாய்லெட் எக்ஸாஸ்ட் ஃபேன், லேசர் பிரிண்டர், இப்படி.

இங்கதான் எனக்கு அவங்க மேல மரியாதை வந்துச்சு. மானிட்டர் பிளக்கை எல்லாரும் பிடுங்கிட்டுப் போகணும்னு எங்க எச்.ஆர் ஒரு ரூல் போட ரெடியா இருந்தாங்க, இவங்கதான் வேண்டாம்னு நிறுத்தினாங்க. ஐரோப்பாவுல 2013-ல இருந்தே ஸ்டாண்ட்பைல, அதாவது வேலை செய்யாம பிளக்ல சும்மா இருக்கறப்ப, அரை வாட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு பெரும்பாலான ஆபீஸ், வீட்டுச் சாமானுக்கு ரூல் இருக்கு, கம்பெனிக்காரங்க அதுக்கேத்த மாதிரிதான் டிசைன் பண்றாங்க, அதனால எழுபது மானிட்டரையும் சேர்த்தாலும் 35 வாட்தான் வரும், ஒரு டிஸ்பென்ஸர் தனியா அதைத் தாண்டிடும். 1 வாட் வருஷம் பூரா ஓடினா 8.76 யூனிட், இந்த ஒரு கணக்கை வச்சே எது முக்கியம் எது சும்மான்னு பிரிச்சுடலாம். எழுபது பேர் தினமும் குனிஞ்சு பிளக்கைப் பிடுங்கறதுக்கு பதிலா டிஸ்பென்ஸர்ல டைமர் மாட்டி ராத்திரி எட்டுல இருந்து காலைல ஏழு வரைக்கும் ஆஃப் ஆகற மாதிரி வச்சோம், முடிஞ்சுது. மனுஷனோட ஞாபகசக்தியை நம்பி எதையும் விடாதீங்கன்னு அந்த கிளாம்ப் மீட்டர் பையன் சொன்னான், இப்ப நான் எதுக்கும் அப்படித்தான் யோசிக்கறேன்.

ஏ.சி விஷயம் தனியா சொல்லணும், இது எனக்கு சுத்தமா தெரியாது. கரண்ட் மட்டும்தான் கணக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். அவங்க ஏ.சி சர்வீஸ் ரிஜிஸ்டரைக் கேட்டு, வருஷத்துக்கு எத்தனை கிலோ கேஸ் ஏத்தறீங்கன்னு கேட்டாங்க. நான் பெருமையா "வருஷா வருஷம் தவறாம டாப் அப் பண்றோம்"னேன். அதுக்கு அவங்க டீம்ல இருந்த ஒரு அம்மா, "ஏ.சி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற சாமான் இல்லைங்க, அது மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வர்றது. வருஷா வருஷம் ஏத்தறீங்கன்னா வருஷா வருஷம் அது எங்கயோ வெளில போகுதுன்னு அர்த்தம்"னாங்க. எங்க பழைய மெஷின்ல இருக்கறது ஆர்-410ஏ-ங்கற கேஸ். அது ஒரு கிலோ காத்துல கலந்தா 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு போட்ட மாதிரி, அதாவது ரெண்டு டன். புதுசுல வர்ற ஆர்-32-க்கு அது 675. இந்த கேஸ் எல்லாத்தையும் படிப்படியா குறைக்கணும்னு 2016-ல கிகாலில உலக நாடுகள் ஒப்பந்தமே போட்டிருக்காங்க, நான் இங்க உக்காந்து லீக் ஆகற மெஷின்ல வருஷா வருஷம் ஊத்திட்டிருந்திருக்கேன். குழாய் சேர்ற ஃப்ளேர் ஜாயின்ட்ல எண்ணெய்க் கசிவு இருந்துச்சு, சோப்புத் தண்ணி தடவினதும் நுரை குமிழ் குமிழா வந்துச்சு, கண்ணு முன்னாடி பாத்தேன். அரை நாள் வேலைதான், அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் டாப் அப் தேவைப்படலை. ஏ.சி சர்வீஸ்காரங்க யாரும் இத்தனை வருஷமா லீக்கைத் தேடலை, தேடுங்கன்னு நானும் கேக்கலை. உங்க ஆபீஸ்ல வேற எதுவும் பண்ணலைன்னாலும் அந்த ரிஜிஸ்டரை மட்டும் எடுத்துப் பாத்துடுங்க.

பிரிண்டர் சீக்கிரம் சொல்லி முடிக்கறேன். ஏ4 ஷீட் பதினாறு சேர்ந்தா ஒரு சதுர மீட்டர், 80 ஜி.எஸ்.எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் பேப்பர்னா ஒரு ஷீட் 5 கிராம், ஒரு கிலோவுக்கு 200 ஷீட். ஒரு வாரம் பிரிண்டர் பக்கத்துல யாரும் எடுக்காம விட்டுட்டுப் போன பேப்பரை ஒரு பெட்டில போட்டு எடை பாத்தோம், மூணு கிலோ, அதாவது 600 ஷீட், பிரிண்ட் எடுத்த ஆளே வந்து எடுக்கலை. ரெண்டு பக்கமும் பிரிண்ட் ஆகறதை டிஃபால்ட் ஆக்கி, கார்டைக் காட்டினாதான் பேப்பர் வெளில வரும்னு செட்டிங் மாத்தினாங்க, அவ்வளவுதான், ஒரு போஸ்டரும் ஒட்டலை.

இப்ப கோவமா இருந்த பகுதி. குப்பை.

பச்சை, நீலம், சாம்பல்னு மூணு கலர்ல தொட்டி வாங்க வச்சு, மேல அழகா படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, எல்லாருக்கும் ஒரு மணி நேரம் பி.பி.டி போட்டு கிளாஸ் எடுத்தாங்க. ஆறு வாரம் கழிச்சு எடை பாத்தா, கீழ போற கலப்புக் குப்பை ஒரு கிலோகூட குறையலை. ஸ்டாஃப் சரியா பிரிச்சுப் போடலைன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டாங்க. எனக்கு மனசு கேக்கலை, ஏன்னா நான் தினமும் பாக்கறேன், ஜனங்க ஒழுங்காதான் போட்டுட்டிருந்தாங்க. ஒரு நாள் சாயங்காலம் வெயிட் பண்ணி நின்னேன். எங்க ஹவுஸ்கீப்பிங் அக்கா வந்து மூணு தொட்டியையும் தூக்கி ஒரே கறுப்புக் கவர்ல கொட்டினாங்க.

"ஏன் அக்கா எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்றீங்க?"

"நீங்க மேல மூணா வச்சிருக்கீங்க தம்பி, கீழ ஒரே தொட்டிதானே இருக்கு. ஆறு மணிக்குள்ள இறக்கலேன்னா கேட்டைப் பூட்டிடுவாங்க. இதைத் தனித்தனியா எடுத்துட்டுப் போய் நான் எங்க வைக்கட்டும்?"

என்கிட்ட பதில் இல்லை. அக்கா அதோட விடலை, நீலத் தொட்டிக்குள்ள கையை விட்டு எண்ணெய் பட்ட ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துக் காட்டினாங்க. "பேப்பர்னு படம் போட்டதால இதையும் இதுலயே போடறாங்க. இது ஒண்ணு ஊறினா அடியில இருக்கற நல்ல பேப்பர் பூரா போச்சு, எடுக்கறவங்க மொத்தமா வேண்டாம்னுட்டுப் போயிடுவாங்க." ஒரு மணி நேர பி.பி.டி-ல இது இல்லை. அஞ்சு வருஷமா எங்க குப்பையைக் கையால தொடற ஒரே ஆள் அவங்க, ஆறு வாரத்துல ஒரு தடவைகூட அந்த டீம் அவங்ககிட்ட பேசலை, ட்ரெயினிங்குக்கும் கூப்பிடலை. நானும் கூப்பிடலைங்கறதை ஒத்துக்கணும். இதுதான் எனக்கு இந்த சர்வீஸ் மேல பெரிய குறை, இப்பவும் ஆறலை.

அடுத்த மீட்டிங்ல அக்காவை உக்கார வச்சோம். அவங்க சொன்னபடியே, கீழ பில்டிங்காரங்ககிட்ட பேசி இன்னொரு தொட்டியும் அதுக்குப் பூட்டுச் சாவியும் வாங்கினோம், காய்ஞ்ச குப்பையை வாரத்துக்கு ரெண்டு தடவை மட்டும் இறக்கினா போதும்னு ஆச்சு, ஒவ்வொரு டேபிளுக்கு அடியிலயும் இருந்த குட்டித் தொட்டியை எடுத்தோம், ஈரக் குப்பைத் தொட்டியை டப்பா கழுவற இடத்துக்குப் பக்கத்துலயே வச்சோம், ஏன்னா மிச்சத்தைக் கொட்டறது அங்கதான். ஸ்டிக்கர்ல "பேப்பர்"னு இருந்ததை "காய்ஞ்ச, சுத்தமான பேப்பர் மட்டும்"னு மாத்தினோம். மூணு வாரத்துல கலப்புக் குப்பை பாதியாச்சு. அந்த டீமுக்கும் அப்பதான் விஷயம் உறைச்சுது, அதுக்கப்புறம் ஒவ்வொரு மாத்தத்துக்கும் முன்னாடி "இதை யார் கையால செய்யப் போறாங்க, எந்த நேரத்துல, அவங்க வேற எதை விட்டுட்டு இதைச் செய்யணும்"னு ஒரு பத்தி எழுத ஆரம்பிச்சாங்க. அதுக்குத்தான் அந்த ரெண்டு மார்க்.

கப் விஷயத்துலயும் இதே கதைதான். பேப்பர் கப்பை நிறுத்தணும்னாங்க, காரணம் சரிதான், சூடான பானம் ஊறி ஒழுகாம இருக்கறதுக்காக உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அதைப் பிரிக்கற வசதி எல்லா இடத்துலயும் கிடையாது. "மக்கும் கப்"னு ஒருத்தர் சாம்பிள் கொண்டு வந்தாரு, அதை இவங்களே வேண்டாம்னு சொன்னது நல்ல விஷயம். பி.எல்.ஏ-ன்னு சொல்ற, செடியில இருந்து எடுக்கற அந்த பிளாஸ்டிக் சாமான் 58 டிகிரி மாதிரி சூட்டுல நடக்கற பெரிய உரத் தொழிற்கூடத்துலதான் ஒழுங்கா மக்கும், சாதாரண குப்பைல போட்டா அப்படியே கிடக்கும், பாக்க பிளாஸ்டிக் மாதிரியே இருக்கறதால பிளாஸ்டிக் ரீசைக்கிளிங்ல கலந்து அதையும் கெடுக்கும். அதனால எல்லாருக்கும் ஸ்டீல் டம்ளர்னு முடிவாச்சு. ஆனா எழுபது டம்ளர், நாளைக்கு ரெண்டு வேளைன்னா 140 தடவை கழுவணும், யாரு கழுவறது? திட்டத்துல அந்த வரி இல்லை, அது தானா அக்கா தலைல விழுந்திருக்கும். நான் பிடிவாதமா நின்னேன். அவங்கவங்க டம்ளரை அவங்கவங்களே கழுவணும்னு வச்சோம், எம்.டி-யும் கியூல நிக்கறாரு. விருந்தாளிங்களுக்குக் குடுக்கற டம்ளர் மட்டும் அக்கா கழுவறாங்க, அதுக்கு அவங்களுக்கு அரை மணி நேரம் டியூட்டில எழுதிக் குடுத்திருக்கோம்.

அப்புறம் சாப்பாட்டு மிச்சத்தை உரமாக்கற மெஷின். இதை அவங்க வாடகைக்குத் தந்தாங்க, அதனால பாராட்டித்தான் பேசினாங்க. "24 மணி நேரத்துல உரம் ரெடி." சாப்பாட்டு மிச்சத்தைப் போட்டா மறுநாள் பழுப்பு கலர்ல பொடி வருது உண்மைதான், வாசனைகூட நல்லா இருந்துச்சு. அந்தப் பொடியைச் செடிக்குப் போட்டு தண்ணி ஊத்தினோம், நாலாம் நாள் மேல வெள்ளையா பூஞ்சை படர்ந்து ரிசப்ஷன் பூரா நாத்தம், ரெண்டு செடி வாடியே போச்சு. அந்த மாதிரி மெஷின் நிறைய சூடு பண்ணி ஈரத்தை எடுத்து அரைச்சுத் தர்றதுதான், நுண்ணுயிர் வேலை செஞ்சு மக்கறதுக்கு ஒரு நாள் பத்தாது, ஈரம் பட்டதும் அது விட்ட இடத்துல இருந்து அழுக ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு அது ராத்திரி பூரா ஹீட்டர் ஓட்டுது, நாங்க டிஸ்பென்ஸரை அணைச்சு மிச்சம் பிடிச்சதை இது தின்னுடுது. திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டோம். இப்ப மொட்டை மாடில ஓட்டை போட்ட மூணு டிரம், ஒரு கை ஈரக் குப்பைக்கு ரெண்டு கை காய்ஞ்ச இலை, காய்ஞ்ச இலைல கார்பன் ஜாஸ்தி, ஈரக் குப்பைல நைட்ரஜன் ஜாஸ்தி, கார்பன் நைட்ரஜன் விகிதம் 25-30-க்கு ஒண்ணுன்னு இருந்தா நல்லா மக்கும்ங்கறாங்க, நாங்க கண்ணளவுலதான் போடறோம், பொடிப்பொடியா நறுக்கின பேப்பரும் சேர்க்கறோம். மாசக்கணக்குல ஆகும், ஆகட்டும். கையை உள்ள விட்டா கதகதன்னு சூடு தெரியும், அப்ப உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

லேப்டாப் பத்தி அவங்க குடுத்த அட்வைஸ் சுருக்கமா, ஆனா தங்கம். புது "கிரீன்" மாடல் வாங்கலாம்னு மேனேஜ்மென்ட் கேட்டப்ப வேண்டாம்னாங்க, ஒரு லேப்டாப்போட மொத்த கார்பன்ல பெரும்பங்கு அதைத் தயாரிக்கறப்பவே ஆகிடுது, அதனால வச்சிருக்கறதை இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டறதுதான் பெரிய மிச்சம். பேட்டரி மாத்தினோம், எஸ்.எஸ்.டி, ரேம் போட்டோம். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சதால 11 ஏறாத சில மெஷின் மாட்டிக்கிச்சு, அதுல ரெண்டை லினக்ஸ் போட்டு ரிசப்ஷனுக்கும் டிஸ்ப்ளே ஸ்கிரீனுக்கும் வச்சிட்டோம். உலகத்துல 2022-ல மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு வந்திருக்கு, அதுல முறையா சேகரிச்சு ரீசைக்கிள் ஆனதா கணக்குல இருக்கறது 22.3 பர்சன்ட்தான்னு ஐ.நா-வோட அறிக்கை சொல்லுது. எங்க ஸ்டோர் ரூம்ல தூசி பிடிச்சுக் கிடந்த பழைய கீபோர்டு, யு.பி.எஸ் பேட்டரியை எல்லாம் முறையா எடுக்கறவங்ககிட்ட குடுத்து, ஹார்டு டிஸ்க் அழிச்சதுக்கு எழுத்துல சர்டிஃபிகேட் வாங்கினோம், அதை மறக்காதீங்க.

ரிப்போர்ட்டுக்கு வர்றேன். ஜி.எச்.ஜி (பசுமைக்குடில் வாயு) புரோட்டோகால்னு 2001-ல முதல்ல வந்த கணக்கு முறைதான் எல்லாரும் பயன்படுத்தறது. நாமளே நேரா விடறது ஸ்கோப் 1, எங்க ஏ.சி கேஸ் அதுலதான் வந்துச்சு. வாங்கற கரண்ட் ஸ்கோப் 2. மத்ததெல்லாம், வாங்கற சாமான், வேலைக்கு வந்து போறது, குப்பை, இதெல்லாம் ஸ்கோப் 3. முதல் ரெண்டும் சுத்தமா இருந்துச்சு, பில்லோட ஒத்துப் போச்சு. ஸ்கோப் 3-ஐ மட்டும் நாங்க செலவு பண்ணின பணத்தை வச்சு ஒரு பெருக்கல் போட்டு எடுத்துட்டாங்க. அப்படிப் பண்ணினா பத்து வருஷம் உழைக்கற நல்ல நாற்காலியை அதிக விலை குடுத்து வாங்கினா எங்க கார்பன் கூடிச்சுன்னு காட்டும், மட்டமானதா வாங்கி வருஷா வருஷம் தூக்கிப் போட்டா முதல் வருஷம் குறைஞ்சதா காட்டும். முதல் தடவை எங்க ஜாஸ்தின்னு தேட அது போதும், வருஷா வருஷம் ஒப்பிட்டுப் பாக்க அது உதவாது. கேட்டப்புறம் பேப்பர், லேப்டாப், பயணம் மூணுக்கு மட்டும் கிலோ, எண்ணிக்கை, கிலோமீட்டர் கணக்குல மாத்திக் குடுத்தாங்க. கேக்கலைன்னா குடுத்திருக்க மாட்டாங்க.

கடைசில வெளில எங்கயோ மரம் நடற திட்டத்துல கார்பன் ஈடு, அதாவது நாம விடற கார்பனுக்குப் பதிலா வேற இடத்துல குறைக்கறதுக்குக் காசு குடுக்கறது, அதை வாங்கி "கார்பன் நியூட்ரல் ஆபீஸ்"னு சர்டிஃபிகேட் தர்றேன்னாங்க. வேண்டாம்னுட்டோம். ஈடு வாங்கினதை மட்டும் வச்சு ஒரு பொருளை கார்பன் நியூட்ரல்னு ஜனங்ககிட்ட விக்கறதை ஐரோப்பிய யூனியன் 2024-ல சட்டம் போட்டுத் தடுத்திருக்கு, 2026 செப்டம்பர் 27-ல இருந்து அது அமல். நம்மளோடது பொருள் இல்லைதான், ஆனாலும் லீக்கை அடைச்சதை, டைமர் மாட்டினதை அப்படியே டெண்டர் ஃபார்ம்ல எழுதினா போதும்னு எனக்குத் தோணுச்சு. எழுதினோம். கஸ்டமர் ஆடிட்டர் நேர்ல வந்து குப்பைத் தொட்டியையும் டி.பி பாக்ஸையும்தான் பாத்தாரு.

ரெண்டாவது வருஷத்துக்கு ரென்யூ பண்ணியாச்சு, ஆனா பாதி பேக்கேஜ்தான். மெஷின், சர்டிஃபிகேட், அவேர்னஸ் கிளாஸ் மூணையும் வெட்டிட்டு அளக்கறதை மட்டும் வச்சுக்கிட்டோம், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ரெண்டு பேரும் இல்லாம எந்த மீட்டிங்கும் கிடையாதுன்னு காகிதத்துலயே எழுதி வாங்கிட்டேன். அடுத்த மாசம் மறுபடி ராத்திரி அளக்க வர்றாங்க. இந்தத் தடவை அக்காவும் இருக்கேன்னு சொல்லியிருக்காங்க, ஓவர்டைம் எழுதியாச்சு. காலைல முதல்ல வந்து ஒவ்வொரு சுவிட்சா போடறது அவங்கதான், போன வாரம் டி.பி பாக்ஸ் முன்னாடி நின்னு எது எந்த ரூமுக்குன்னு பத்து நிமிஷத்துல சொல்லிட்டாங்க, நான் பக்கத்துல நின்னு லேபிள் எழுதி ஒட்டினேன்.